கிளாஸ்மேட் பிசி (சுழல்திரை வகை)
பள்ளிப் பிள்ளைகளுக்கென 2009 தொடக்கத்தில் இன்டெல் அறிமுகப்படுத்திய சிறு மடிக்கணினி. 8.9 அங்குலத் தொடுதிரையை 180 பாகை திருப்பி விசைப்பலகைமேல் மடக்கினால், சிலேட்டுப் போலக் கையில் ஏந்தி எழுதுகோலால் எழுதலாம். எழுதுகையில் உள்ளங்கை பட்டாலும் திரை அதைப் பொருட்படுத்தாது. பிஞ்சுக் கைகளுக்கு இதுவே ஆகப் பெரிய உதவி. 1.6 கிகாஹெர்ட்ஸ் ‘ஆட்டம்’ (Atom) செயலி எழுத்து, வாசிப்பு, அன்றைய இணையத்துக்குப் போதுமானதாக இருந்தது. காணொளித் தொகுப்புக்குத் திணறியது. 1024×600 படப்புள்ளித் திரையில் நீண்ட தமிழ்ப் பத்திகளை அடிக்கடி நகர்த்தித்தான் படிக்கவேண்டும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இதே இன்டெல்லின் ஆலை இருப்பது 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில். கூலிம் வட்டாரமோ ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் நிறைந்தது. மாணவர் குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் இரு வகுப்புகளை இணைத்து நடத்தும் ஆசிரியருக்கு, ஆளுக்கொரு பாடம் காட்டும் இத்தகைய கருவி மிகவும் தேவை.