வீட்டை இழுத்துக் கட்டப் போகிறீர்களா? சுவரில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளிக்கு நான்கைந்து மாதம் இருக்கும்போதே பல தாமான்களில் மணல் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டுவது, வரவேற்பறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுப்பது, கார் நிறுத்துமிடத்துக்கு மேல் ஓர் அறை எழுப்புவது என்று வேலைகள் பலவகை. தோட்ட லயத்தை விட்டு வெளியேறியவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடுகளும் இவற்றில் உண்டு. டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், தூண் எங்கே நிற்கிறது, பீம் எங்கே ஓடுகிறது, புதிய அறையின் பாரம் எங்கே இறங்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்தான் கட்டமைப்புப் பொறியியலாளர். வீட்டின் அழகும் அறைகளின் அமைப்பும் கட்டடக் கலைஞரின் வேலை. அந்த வீடு நிற்குமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வது இவருடைய வேலை.

சிராங்கூன் சாலையில் நடந்தது

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த லியான் யாக் கட்டடம் காலை 11.25 மணியளவில் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. கீழே வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேல் நியூ வோர்ல்டு ஹோட்டல் என்று பல பயன்பாடுகள் சேர்ந்த ஆறு மாடிக் கட்டடம் அது. 33 பேர் இறந்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

எரிவாயு வெடிப்பா, அருகில் நடந்த எம்ஆர்டி சுரங்க வேலையா என்று பல சந்தேகங்கள் எழுந்தன. பின்னாளில் சேர்க்கப்பட்ட குளிர்சாதனக் கருவிகள், வெளிச்சுவரில் பதித்த ஓடுகள், வங்கியின் பெட்டகம் ஆகியவற்றின் எடையும் ஆராயப்பட்டது. விசாரணைக் குழு கண்டறிந்த முதன்மைக் காரணம் வேறு. உள்ளே இருக்கும் ஆட்கள், பொருள்களின் பாரம் வடிவமைப்பில் கணக்கிடப்பட்டிருந்தது. கட்டடத்தின் சொந்த எடை கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. விழுவதற்கு முன்பே சில தூண்கள் செயலிழந்துவிட்டன.

இதன் பிறகு சிங்கப்பூரில் 1989ஆம் ஆண்டு கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியியலாளர் போட்ட கணக்கை, தொடர்பில்லாத இன்னொரு பொறியியலாளர் சரிபார்க்க வேண்டும் என்ற முறை கொண்டுவரப்பட்டது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறையும், மற்றவற்றுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் சோதனை கட்டாயமானது.

சொந்த எடை எவ்வளவு?

நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடை கொண்டது. 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு மாடி அறையின் தளம் 6 அங்குலத் தடிப்பில் இருந்தால், அந்தத் தளம் மட்டுமே சுமார் 4 டன். பொறியியலாளர் இதை நிலைப் பாரம் என்பார். ஆட்கள், கட்டில், அலமாரி போன்றவை மாறும் பாரம். மலேசியாவின் 1984 ஒரே சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, குடியிருப்பு வீட்டின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று மாறும் பாரம் கணக்கிடப்படுகிறது. அதே அறைக்கு அது 1.7 டன்கூட வராது. தளத்தின் எடையே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இதனுடன் நாம் சேர்க்கும் பாரங்களைப் பாருங்கள்.

* இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர், 10 அடி நீளம், 10 அடி உயரம்: இரண்டு டன்னுக்கு மேல்.
* 200 கேலன் தண்ணீர் டாங்கி நிரம்பினால்: சுமார் 900 கிலோ, அதுவும் ஒரே இடத்தில்.
* பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேல் புதிய டைல்ஸ் ஒட்டினால், அந்த எடையும் தளத்தின் மேல்தான்.

கீழே சுவர் இருக்கிறது என்று நினைத்து மேலே சுவர் எழுப்புகிறோம். கீழே இருப்பது வெறும் அறை பிரிக்கும் சுவராக இருந்தால், பாரம் தளத்தில் இறங்கும். தளம் வளைந்து வெடிப்பு விடும்.

எந்தச் சுவரை எடுக்கலாம்?

வழக்கமான வரிசை வீடுகளில் தூணும் பீமும்தான் வீட்டைத் தாங்குகின்றன. செங்கல் சுவர் இடையை நிரப்புகிறது. ஆனால், எல்லா வீடும் அப்படி இல்லை. சில பழைய வீடுகளில் சுவரே பாரம் தாங்குகிறது. புதிய குடியிருப்புகள் சிலவற்றில் சுவர்கள் செங்கல் இல்லாமல் கான்கிரீட்டிலேயே வார்க்கப்படுகின்றன. அவற்றில் சுவரை உடைப்பதும் தூணை உடைப்பதும் ஒன்றுதான். தட்டிப் பார்த்து வரும் சத்தத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்டமைப்பு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மேம்பாட்டாளரிடமோ ஊராட்சி மன்றத்திலோ அதைக் கேட்டுப் பாருங்கள்.

வரிசை வீட்டில் பக்கத்துச் சுவர் இருவருக்கும் பொது. அதில் குழி வெட்டிப் பீம் செருகினால், அண்டை வீட்டுக்காரர் சுவரிலும் பாரம் ஏறுகிறது.

பின்புறக் குசினி ஏன் பிளக்கிறது?

நம் மக்கள் அதிகம் சந்திக்கும் சிக்கல் இது. குசினியைக் கட்டி இரண்டு மூன்று ஆண்டில், பழைய வீடும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர். பூசினால் மறுபடியும் பிளக்கும்.

காரணம் பெரும்பாலும் அஸ்திவாரத்தில்தான். மண் இளகிய இடங்களில் மேம்பாட்டாளர் வீட்டைப் பைலிங் அடித்துக் கட்டியிருப்பார். பின்னால் இழுத்துக் கட்டிய பகுதியோ மூன்று நான்கு அடி ஆழக் குழியில் நிற்கும். வீடு அசையாது, குசினி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிள்ளான் கடற்கரையோரக் களிமண், கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்பங்கள், மண் கொட்டி நிரப்பிய தாழ்வான நிலம் ஆகிய இடங்களில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். புதிய பகுதிக்கும் தகுந்த அஸ்திவாரம் போடுவது, அல்லது இரண்டையும் ஒட்டாமல் நடுவில் இணைப்பு இடைவெளி விட்டுக் கட்டுவது என்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை மண்ணைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

மண்ணையும் தண்ணீரையும் கவனிக்காததன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் புளோக் சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்னால் இருந்த மலைச்சரிவு மழைநீரில் ஊறிச் சரிந்து, அஸ்திவாரத்தைத் தள்ளிவிட்டது.

மாடியில் கடைச் சரக்கு

கடைவீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுத் தளத்துக்கு 150 கிலோ என்றால், கடைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். குடியிருப்புக்காகக் கட்டிய மேல்மாடியை மளிகைக் கடையின் கிடங்காக மாற்றினால் என்ன ஆகும்? ஒரு சதுர மீட்டரில் 25 கிலோ அரிசி மூட்டை பத்தை அடுக்கினாலே 250 கிலோ ஆகிவிடுகிறது. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் பாரம் மாறிவிட்டது. பயன்பாட்டை மாற்றவும் அனுமதி தேவை என்பது இதற்காகத்தான்.

அனுமதியும் ஆட்களும்

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ், கட்டட வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். எந்த வேலைக்கு எளிய பெர்மிட் போதும், எதற்கு முழு வரைபடம் வேண்டும் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். முதலில் உங்கள் மன்றத்தின் கட்டடப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். அனுமதி இல்லாத பகுதியை இடிக்கச் சொல்லி உத்தரவு வரலாம். வீட்டை விற்கும்போதும் அது சிக்கலாகும்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியையும் பெற வேண்டும். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடம் பத்தாண்டைக் கடந்துவிட்டால், அதைப் பொறியியலாளரைக் கொண்டு சோதிக்கும்படி உத்தரவிட அதே சட்டத்தின் 85ஏ பிரிவு மன்றத்துக்கு இடமளிக்கிறது. உங்கள் கட்டடத்தில் அந்தச் சோதனை எப்போது நடந்தது என்று ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள்.

பெயருக்கு முன்னால் 'ஐஆர்' என்ற அடைமொழியும், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் தொழில் நடத்தும் சான்றிதழும் உள்ளவரா என்று பாருங்கள். குத்தகையாளர் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். வேலையின் அளவு, கம்பியின் தடிப்பு, பணம் கொடுக்கும் தவணைகள் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுங்கள். தகராறு வந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீதும் ஒப்பந்தமும் வேண்டும்.

தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று முட்டுகளைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லாதீர்கள். கான்கிரீட் தன் பலத்தைக் காட்டும் கணக்கு 28 நாள். முட்டை எப்போது எடுக்கலாம் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும்.

வெடிப்பைக் கண்டால்

பூச்சில் மட்டும் தெரியும் முடி போன்ற கீறல் பெரும்பாலும் ஆபத்தில்லை. கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைக் கவனிக்க வேண்டும். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தொட்டாலோ பொறியியலாளரை அழையுங்கள்.

தூணிலோ பீமிலோ வெடிப்பு, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவது, நன்றாக மூடிய கதவு திடீரென இறுகுவது ஆகியவற்றுக்குப் பென்சில் கோடு போட்டுக் காத்திருக்க வேண்டாம். அதன்மேல் சிமெண்டு பூசி மறைக்கவும் வேண்டாம். அந்த அறையிலிருந்து முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். அடுத்த அழைப்பு பொறியியலாளருக்கு.