கல்லீரல் நொதி அளவீடும் ஹெபடைடிஸ் சி நோயும்

கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது ஏ.எல்.டி. என்னும் நொதி இரத்தத்தில் கசிகிறது. 1950களின் நடுவில் நியூயார்க் மருத்துவர்கள் இத்தகைய நொதிகளை இரத்தத்தில் அளந்து, கல்லீரல் நோயை அறியும் வழி கண்டனர். 1975இல் ஃபைன்ஸ்டோன், ஹார்வி ஆல்ட்டர் முதலியோர், இரத்தம் ஏற்றியபின் வந்த கல்லீரல் அழற்சிகள் பல ஏ, பி வைரசுகளால் வந்தவை அல்ல எனக் காட்டினர். பெரும்பாலும் அறிகுறியின்றி நீடித்த அந்நோயைக் காட்டிக்கொடுத்தது நொதி அளவே. 1986 முதல் அமெரிக்க இரத்த வங்கிகள் இந்நொதி மிகுந்த கொடை இரத்தத்தை ஒதுக்கின. 1989இல் ஹெபடைடிஸ் சி வைரசு கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இந்நோயில் நொதி அளவு ஏறி இறங்கும். இயல்பாக இருக்கும்போதே கல்லீரலில் தழும்பு வளர்வதுமுண்டு. எனவே உயர்ந்த அளவு ஓர் எச்சரிக்கை. இயல்பான அளவு நலத்துக்குச் சான்றாகாது. வைரசை அறிய எதிர்ப்பொருள், ஆர்.என்.ஏ. சோதனைகளும், தழும்பை அறிய வேறு சோதனைகளும் தேவை.