இடைத்தேர்தலில் ஓட்டு போட என்ன செய்யணும்?

எம்.எல்.ஏ. பதவி காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். ஈரோடு கிழக்கு தொகுதியில் 2023, 2025 என அடுத்தடுத்து 2 முறை இடைத்தேர்தல் நடந்தது. உங்கள் தொகுதியில் தேர்தல் வந்தால் கவனிக்க வேண்டியவை:

பெயர் இருக்கா?

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்கணும். 1950 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

18 வயது முடிந்து புதிதாக பெயர் சேர்ப்பவர்களுக்கு படிவம் 6. வீடு மாறியவர்களுக்கு படிவம் 8. வேட்புமனு தாக்கல் முடிந்துவிட்டால் அந்த தேர்தலுக்கு பெயர் சேர்க்க முடியாது. விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால், தேர்தல் தேதி அறிவித்ததுமே மனு கொடுத்துடுங்க.

எதை எடுத்துட்டு போகணும்?

வாக்காளர் அட்டை இல்லையா? ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக், 100 நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு செல்லாது. பூத் சிலிப்பை மட்டும் காட்டினாலும் ஓட்டு போட முடியாது.

கூலி பிடிக்கலாமா?

கூடாது. ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். தினக்கூலி தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

உங்க ஓட்டை வேறு யாரோ போட்டுட்டாங்களா?

திரும்பி வந்துடாதீங்க. பூத் அதிகாரியிடம் சொல்லி, நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று உறுதியானால் 'டெண்டர் ஓட்டு' தருவார்கள். இது மெஷினில் அல்ல, வாக்குச்சீட்டில் போடுவது.

ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். எவ்வளவு நேரமானாலும் ஓட்டு போட்டுவிட்டுத்தான் வரலாம்.