கோண்டும் குன்றும்

குமரிக்கண்டம், இலெமூரியா, கோண்டுவானா மூன்றும் ஒரே நிலத்தின் பெயர்கள் என்று எழுதுவோர் இன்னும் குறைந்தபாடில்லை. நிலநூலும் தெரியாமல் சொல்நூலும் தெரியாமல் போட்ட முடிச்சு அது.

இலெமூரியா 1864-இல் பிறந்த பெயர். மடகாஸ்கரின் லெமூர் விலங்குக்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உறவினங்கள் இருப்பதைக் கண்ட பிலிப் ஸ்கிளேட்டர், இடையில் ஒரு பெருநிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அப்படிப் பெயரிட்டார். அந்த உறவினத்தில் ஒன்று நம் தேவாங்கு. தேவாங்குக்காக ஊகித்த நிலத்தில் தமிழனைக் குடியேற்றியது பின்னால் வந்தவர்களின் வேலை.

குமரிகண்டம் என்ற சொல் கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் வருகிறது. அங்கே அது பரதத்தின் ஒன்பது கூறுகளில் ஒன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையின் பஃறுளியும் குமரிக்கோடும், அதன் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கணக்கிட்ட நாற்பத்தொன்பது நாடும் பாண்டியர் நிலத்தைக் கொண்ட கடல்கோளைச் சொல்பவை. அவ்விடங்களில் ‘கண்டம்’ இல்லை. கண்டம் என்றால் துண்டு. ‘கண்டதுண்டமாக’ என்கிறோமே, அதுதான். பெருநிலம் உடைந்து துண்டுகள் விலகியதாக இன்றைய நிலநூல் சொல்லும்போது, அத்துண்டுகளுக்குக் கண்டம் என்று பெயர் வாய்த்திருப்பது தற்செயலே ஆயினும் பொருத்தம்.

இனிக் கோண்டுவானா. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பாறைகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் மெட்லிகாட் 1872-இல் இட்ட பெயர் இது. அதே துறையின் ஃபைஸ்ட்மாண்டல் அதை 1876-இல் அச்சேற்றினார். இராணிகஞ்சு நிலக்கரிப் படுகையில் குளோசாப்டெரிஸ் என்னும் செடியின் நாக்கு வடிவ இலைகள் கல்லில் பதிந்து கிடக்கின்றன. அதே இலை தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைக்கிறது. தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-இல் மடிந்த ஸ்காட் குழுவினர், கடைசிவரை இழுத்து வந்த 16 கிலோ கற்களிலும் அது இருந்தது. அதன் விதை கடல் கடக்கப் பறக்கும் பஞ்சு அன்று. பன்றியளவு உடம்புள்ள லிஸ்ட்ரோசாரஸ் என்னும் நிலவிலங்கின் எலும்புகள் தாமோதர் ஆற்றுப்பக்கத்துப் பாஞ்சேத்துப் பாறைகளிலும், தென்னாப்பிரிக்கக் கரூவிலும் கிடைத்தன. 1969-இல் அண்டார்க்டிகாவிலும் கிடைத்தன. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்த விலங்கு மூன்று கடல்களை நீந்தியதென்று நம்புவோர் நம்பட்டும்.

வியன்னாவின் எடுவர்ட் சூஸ், 1885-இல் இந்நிலங்களில் சிலவற்றைச் சேர்த்துக் ‘கோண்டுவானா நிலம்’ என்றார். இடைப்பகுதி கடலில் ஆழ்ந்ததென்றும் கருதினார். நம்மவருக்கு இனித்தது இந்த ‘ஆழ்ந்தது’தான். 1912-இல் வெகனர் அதைத் தள்ளினார்: நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. கண்டத்தட்டு ஆய்வு பின்னர் அவர் பக்கமே நின்றது. ஒட்டியிருந்த நிலத்தில் வாழ்ந்த உயிர்களின் படிவங்கள், நிலம் பிரிந்தபோது துண்டுக்குத் துண்டு பிரிந்து போயின. பிரிவு தொடங்கி ஏறக்குறைய 18 கோடி ஆண்டு ஆகிறது. மனிதன் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுதான். பாண்டியனுக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் பெயரில் நமக்குப் பங்குண்டு. ‘வானா’ வடமொழி வனம். கோண்டரின் காடு என்பது பொருள். பின்னால் நிலம் என்று ஒட்டுவது ‘நடு சென்டர்’ வகை. ‘கோண்டு’ எங்கிருந்து வந்தது? நாக்பூரில் இருந்த ஹிஸ்லாப் பாதிரியார் தெலுங்குக் ‘கொண்ட’ என்பதைக் காட்டினார். அவரே அப்பகுதியின் புதைபடிவங்களையும் திரட்டியவர். அவருடைய குறிப்புகள் இறந்தபின், 1866-இல் வெளிவந்தன. தொல்பொருளாளர் கன்னிங்காமோ கௌட நாட்டைக் காட்டினார். அதற்கு வலு குறைவு.

கொண்ட என்பது நம் குன்றே. தமிழில் ன்ற வரும் இடத்தில் தெலுங்கில் வல்லினம் மாறும்: பன்றி பந்தி ஆகும், குன்றம் கொண்ட ஆகும். அம்மக்கள் தங்களைக் கோயிதோர் என்கிறார்களே என்பர். உண்மை, கோண்டர் என்பது அயலார் இட்ட பெயர். சமவெளியில் நின்று பார்ப்பவன் மலைவாழ்நரை மலையால் அழைப்பது இங்கே வழக்கம். ஐங்குறுநூற்றில் குன்றக்குறவன் பத்து உண்டு. கொல்லிமலையில் மலையாளிகள் உண்டு. கோதாவரிக் கரையில் கொண்டரெட்டிகள் உண்டு. ஒடிசாவின் கோந்தர்களும் இவ்வழியினரே. முதலெழுத்து ஒலிப்புடையதாக மாறியது வடவர் வாய்ப்பட்டதால் என்பேன். குமரியைத் தேடிக் கோண்டுவானாவுக்குப் போக வேண்டாம். ஆனால் ஆப்பிரிக்கா முதல் அண்டார்க்டிகா வரை ஒரு பெருநிலம் இன்று சுமக்கும் பெயரின் முற்பாதி குன்று என்பதே என் துணிபு.