303 ரைபிளோட மரக்கட்டை: யாரோட தோளுக்கு அளவெடுத்தாங்க?

இந்த எபிசோட் 303 ரைபிள் பத்தி. ஆனா குண்டு எவ்வளவு தூரம் போகும், எத்தனை சண்டையில இருந்துச்சுங்கிற கதை இல்லை. அதுல இருக்கிற மரத்தோட கதை. காலேஜ்ல என்சிசியில இருந்தவங்க டிரில்லுக்கு டிபி ரைபிள் தூக்கியிருப்பீங்க. கிட்டத்தட்ட 4 கிலோ. அதுல உங்க கையில, தோள்ல, கன்னத்துல பட்டது பெரும்பாலும் மரம்தான். அதுக்குப் பேரு ஸ்டாக். நம்ம பேச்சுல துப்பாக்கிக் கட்டை.

அமெரிக்காவுல இந்தக் கட்டைக்குன்னு தனி மார்க்கெட்டே இருக்கு. கம்பெனி கொடுத்ததைக் கழட்டி வெச்சுட்டு, தனக்குப் பிடிச்ச கட்டையை வேற இடத்துல வாங்கி மாட்டிக்குவாங்க. நாம பைக்குக்கு சீட்டும் ஹேண்டில்பாரும் மாத்துற மாதிரி. இந்தியாவுல அப்படி ஒரு கடைத்தெரு வளரவே இல்லை. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தோட பாகங்களும் ஆயுதம்தான். ரிப்பேர் பண்ணிக் கொடுக்கிறதுக்கே லைசென்ஸ் வேணும். அப்போ நம்ம ஊர்ல ஒரு கட்டை எப்படி இருக்கணும், யாருக்குப் பொருந்தணும்னு முடிவு பண்ணினது யாரு? ஃபேக்டரியும் ராணுவமும்தான். அந்த வரலாறுதான் இன்னைக்கு.

கட்டைக்கு ரெண்டு வேலை

முதல் வேலை, இரும்பை அசையாமப் பிடிச்சுக்கிறது. 303 குண்டோட எடை சுமார் 11 கிராம். அது நொடிக்கு 740 மீட்டர் வேகத்துல வெளியே போகுது. நியூட்டனோட மூணாவது விதிப்படி கணக்குப் போட்டா, 4 கிலோ ரைபிள் நொடிக்கு ரெண்டரை, மூணு மீட்டர் வேகத்துல பின்னாடி வரும். அந்த மொத்த அடியும் இரும்புல இருந்து மரத்துக்கு மாறித்தான் தோளுக்கு வரணும். ஒவ்வொரு தடவை சுட்டதுக்கு அப்புறமும் இரும்பு பழைய இடத்துலயே வந்து உக்காரலைன்னா, அடுத்த குண்டு வேற இடத்துக்குப் போகும்.

ரெண்டாவது வேலை, ஆளோட உடம்பை இரும்போட சேர்க்கிறது. தோளுக்கும் ட்ரிகருக்கும் நடுவுல எவ்வளவு நீளம், கன்னம் எந்த உயரத்துல வந்து நிக்குது, இது ரெண்டும் சரியா இருந்தாத்தான் கண்ணு தானா சைட்டுக்கு நேரா வரும். நீளம் அதிகமானா கை எட்டாது. குறைஞ்சா, சுடும்போது கட்டை விரலே மூக்குல வந்து இடிக்கும்.

இச்சாப்பூர்

கொல்கத்தா பக்கத்துல இச்சாப்பூர். 18-ம் நூற்றாண்டுக் கடைசியில அங்க கிழக்கிந்தியக் கம்பெனியோட வெடிமருந்து ஃபேக்டரி இருந்துச்சு. அதே இடத்துல 1904-ல ரைபிள் ஃபேக்டரி வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல ஏத்துக்கிட்ட லீ-என்ஃபீல்ட் மார்க் 3 ரைபிளை அங்க தயாரிச்சாங்க. டிசைன் இங்கிலாந்துல போட்டது. மரம் இந்திய வால்நட். வெயிலும் மழையும் வங்காளத்தோடது.

இந்த ரைபிளோட கட்டை ஒரே துண்டு இல்லை. தோள்ல படுற பின்கட்டை தனி. பேரல் கூடவே கிட்டத்தட்ட அதோட நுனி வரைக்கும் ஓடுற முன்கட்டை தனி. பிரச்சினை முழுக்க முன்கட்டையிலதான். மரம் ஈரத்தை இழுத்தா அகலவாட்டுல உப்பும், காஞ்சா சுருங்கும். நம்ம வீட்டு மரக்கதவு மழைக்காலத்துல இறுகி, சித்திரையில லூசாகுதே, அதேதான். கதவுன்னா ஒரு தட்டுத் தட்டி மூடிடலாம். ரைபிள்ல மரம் உப்பி பேரலைத் தப்பான இடத்துல தொட்டுச்சுன்னா, குறி விலகும். அதனால மரம் பேரலை எங்க தொடலாம், எங்க தொடவே கூடாதுன்னு ராணுவத்து ஆயுத மெக்கானிக்குகளுக்குத் தனி விதியே இருந்துச்சு. பேரலோட அடிப்பக்கம் கெட்டியா உக்காரணும். வாய்ப்பக்கம் ஒரு சின்ன ஸ்பிரிங் அதை மேலே தாங்கணும். நடுவுல காத்து மட்டும் இருக்கணும்.

ஈரம் ஒரு பக்கம்னா, அடி இன்னொரு பக்கம். பின்னாடி வர்ற அடியை முன்கட்டையோட ரெண்டு சின்ன மரப்பரப்புதான் வாங்குது. அது நசுங்கிப் போச்சுன்னா, நாளடைவுல கட்டையே பிளக்கும். ஆஸ்திரேலியாவுல லித்கோ ஃபேக்டரி வால்நட்டை விட மென்மையான உள்ளூர் மரத்துக்கு மாறினப்போ, அந்த இடத்துல செம்புத் தகடு பதிச்சாங்க. இச்சாப்பூர்ல எடுத்த வழி இன்னும் எளிமையானது. முன்கட்டையோட அகலவாட்டுல குறுக்கே ஒரு ஸ்குரூவை இறக்கி, மரம் விரியாம இறுக்கிட்டாங்க. பார்க்க அழகா இருக்காது. ஆனா வேலை செஞ்சுது. இன்னைக்கும் உலகத்துல பழைய ரைபிள் சேகரிக்கிறவங்க அதை 'இச்சாப்பூர் ஸ்குரூ'ன்னுதான் சொல்றாங்க. லண்டன் டிசைன் நம்ம மழையில நனைஞ்சப்போ இங்க இருந்தவங்க போட்ட பேட்ச் அது.

மாட்டுறதுலயும் ஒரு வரிசை உண்டு. பின்கட்டையைப் பிடிச்சிருக்கிற நீளமான போல்ட்டோட நுனி சதுரமா இருக்கும். அது முன்கட்டையோட பின்பக்கத்துல போய்ப் பூட்டிக்கிட்டிருக்கும், தானா லூசாகாம இருக்கிறதுக்காக. இது தெரியாம முன்கட்டையைக் கழட்டாமலே போல்ட்டைத் திருகினா, 'டப்'னு முன்கட்டை பிளந்துடும். வெளிநாட்டுல சர்ப்ளஸா வாங்கினவங்க எத்தனையோ பேரு ரைபிளைப் பிளந்தது இப்படித்தான். முதல்ல முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை. கோட்ல டிபெண்டன்சி மாதிரி, எது எதைப் பிடிச்சிருக்குன்னு தெரியாம எதையும் கழட்டக் கூடாது.

நாலு சைஸ்

ஃபேக்டரியில இருந்து பின்கட்டை பல நீளத்துல வந்துச்சு. நார்மலுக்கு எழுத்து கிடையாது. அதை விட அரை இன்ச் அதிகம்னா 'எல்', அரை இன்ச் குறைச்சல்னா 'எஸ்', ஒரு இன்ச் குறைச்சல்னா 'பி'. அந்த 'பி'ன்னா பேண்டம், அதாவது குள்ளச் சேவல். முதல் உலகப் போர்ல 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவா இருந்தவங்களை வெச்சு பிரிட்டன் அமைச்ச பட்டாலியன்களுக்கும் அதே பேருதான். கிண்டலான பேருதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷம் முன்னாடியே ஒரு ராணுவம் 'எல்லா உடம்பும் ஒண்ணு இல்லை'ன்னு எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கு.

அந்த அளவு நம்ம ஆளுங்க எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சுங்கிறது வேற கேள்வி. 1914 செப்டம்பர் கடைசியில இந்தியப் படை ஃபிரான்ஸ்ல மார்செய் துறைமுகத்துல இறங்குச்சு. கையில இருந்த பழைய ரைபிளை வாங்கிட்டு, புது மார்க் 3 கொடுத்தாங்க. அக்டோபர் முடியிறதுக்குள்ள அவங்க பெல்ஜியத்துல, ஃபிரான்ஸ்ல சண்டைக்களத்துல நின்னாங்க. ஒரு கட்டை தோளுக்குப் பழகவே வாரக்கணக்குல சுடணும். அவங்களுக்குக் கிடைச்சது சில வாரம், அதுலயும் பாதி பயணம்.

மரம் போய் பைபர் வந்தது

1962 சீனப் போருக்கு அப்புறம் இச்சாப்பூர் பழைய லீ-என்ஃபீல்டையே 7.62 மி.மீ. குண்டுக்கு மாத்தி 2ஏ, 2ஏ1-ன்னு போட்டது. இரும்பைப் பலப்படுத்தினாங்க. கட்டை மரமாவே நின்னது. அதே காலத்துல அமெரிக்க மரைன் படை வியட்நாமுக்கு எம்40 ரைபிளை மரக்கட்டையோட எடுத்துட்டுப் போய், நம்ம ஊரு மாதிரியே புழுக்கத்துல மாட்டிக்கிட்டாங்க. மரம் முறுக்கிக்கிச்சு. 1970-களில் எம்40ஏ1 வந்தப்போ மரத்தைத் தூக்கிட்டு, மெக்மில்லன் கம்பெனியோட பைபர் கிளாஸ் கட்டையைப் போட்டாங்க. இன்னைக்கு இருக்கிற ஆஃப்டர்மார்க்கெட் உலகம் வளர்ந்ததுல அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம ஊர்ல 303 ராணுவத்தை விட்டு இறங்கி போலீஸ் கைக்கு வந்துச்சு. 2008 நவம்பர் 26-ம் தேதி ராத்திரி, மும்பை சிஎஸ்டி ஸ்டேஷன்ல ஏகே ரைபிளுக்கு முன்னாடி நின்ன போலீஸ்காரங்கள்ல சிலர் கையில 303, சிலர் கையில லத்தி. உத்தரப் பிரதேச போலீஸ் 303-ஐ வழியனுப்பினது 2020 குடியரசு தின அணிவகுப்புலதான்.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல ரியோ உலகக் கோப்பையில 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தங்கம் ஜெயிச்சாங்க. அந்தப் போட்டி ரைபிள்கள்ல கன்னம் வைக்கிற இடம், தோள்ல படுற தட்டு எல்லாத்தையும் மில்லிமீட்டர் கணக்குல ஏத்தி இறக்கலாம். ஆளு ரைபிளுக்கு வளையறதில்லை, ரைபிள் ஆளுக்கு வளையுது. பதக்கம்னு வந்தா உடம்பை அளந்து பார்க்கிறோம். வாசல்ல காவல் நிக்கிற கான்ஸ்டபிளுக்கு, ஸ்டோர் ரூம்ல எது அடுத்து இருக்கோ அதுதான்னா, குறி தப்பும்போது பழி மட்டும் எப்படி ஆளு மேல விழும்?

நான் பேசுறது மணவாள நகர்ல இருந்து. திருவள்ளூர் ஸ்டேஷன்ல சென்னை ட்ரெயின் பிடிச்சா, டாங்கி செய்யிற ஆவடி வழியிலதான் வரும். கும்மிடிப்பூண்டி வரைக்கும் மாவட்டம் பூரா ஃபேக்டரி. இதைக் கேக்கிறவங்கள்ல பாதிப் பேரு ஏதோ ஒரு லைன்ல, ஒரே உயரத்துல போட்ட மேஜை முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிறவங்களா இருக்கலாம். இடுப்பு வலிக்குதுன்னு சொன்னா 'பழகிடும்'னு பதில் வந்திருக்கும். பழகாது. 'எஸ்' சைஸ் இருக்கான்னு கேளுங்க. சூப்பர்வைசர் சிரிச்சா, ஒரு இன்ச் குறைச்ச கட்டையை ராணுவமே செஞ்சு வெச்சிருந்த கதையைச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.