எலுமிச்சைத் தோலின் கதை

எலுமிச்சம்பழம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாறுதான். பிழிந்து முடித்ததும் மூடி குப்பைக்குப் போய்விடும். ஆனால் ஐரோப்பியச் சமையலில் பல நூற்றாண்டுகளாகச் சாற்றுக்கு இணையான மதிப்பு அந்தத் தோலுக்கு இருந்திருக்கிறது. எலுமிச்சை கேக் மணப்பதற்குக் காரணம் சாறு அல்ல, தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவி எடுத்த துருவல்தான். இந்தத் துருவலுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

வாசனை எங்கே இருக்கிறது?

எலுமிச்சைத் தோலில் இரண்டு அடுக்குகள் உள்ளன. வெளியே இருக்கும் மஞ்சள் அடுக்கில் கண்ணுக்குத் தெரியும் சிறு சிறு எண்ணெய்ப் பைகள் இருக்கும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். மிகக் குறைந்த அளவில் இருக்கும் சிட்ரால்தான் 'இது எலுமிச்சை' என்று மூக்குக்குச் சொல்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளை அடுக்கு கசக்கும். மஞ்சளை எடுக்க வேண்டும், வெள்ளையைத் தொடக்கூடாது. சமையல்காரர்களின் நூற்றாண்டுக் கணக்கான பாடு இதுதான்!

தோலுக்காகவே ஒரு பழம்

2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வின்படி, எலுமிச்சை ஒரு கலப்பினம். புளிப்பு ஆரஞ்சும் சிட்ரான் என்ற தடித்த தோல் பழமும் சேர்ந்து பிறந்தது அது. சிட்ரானில் சாறு மிகக் குறைவு, கிட்டத்தட்ட முழுவதும் தோல்தான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இந்தப் பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை யாரும் உண்பதில்லை, ஆனால் நல்ல மணம் உடையது, துணிகளுக்கு நடுவே வைத்தால் பூச்சி அரிக்காது என்கிறார். ஆக, இந்தக் குடும்பத்தில் முதலில் பெயர் வாங்கியது சாறு அல்ல, தோல்!

எலுமிச்சையை மத்தியதரைக் கடல் பகுதியில் பரப்பியவர்கள் அரேபியர்கள். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் சுல்தான் சலாவுதீனின் மருத்துவராக இருந்த இப்னு ஜுமைய் எலுமிச்சையைப் பற்றித் தனி நூலே எழுதினார். எலுமிச்சையை உப்பில் ஊறவைக்கும் முறை அதில் இருக்கிறது. மொராக்கோவில் இன்றும் இப்படி ஊறிய எலுமிச்சையின் தோலைத்தான் முக்கியமாகச் சமையலில் சேர்க்கிறார்கள். தோலோடு ஊறுகாய் போடும் தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1747: ஒரே ஆண்டில் இரண்டு கதைகள்

1747-ல் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் விரைவில் தேறினார்கள். 1795 முதல் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கியது. வரலாற்றுப் புத்தகங்களில் இடம் பிடித்தது இந்தச் சாறுதான்.

அதே 1747-ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் நூல் வெளிவந்தது. அதில் பல குறிப்புகளில் எலுமிச்சைத் தோல் வருகிறது. அன்று சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக விற்கப்பட்டது. அதில் ஒரு துண்டை உடைத்து, எலுமிச்சையின் மேல் அழுத்தித் தேய்ப்பது அந்தக் காலத்துச் சமையல்காரர்கள் கையாண்ட ஒரு வழி. எண்ணெய்ப் பைகள் உடைந்து, சர்க்கரை மஞ்சளாகும், எண்ணெய் முழுவதும் அதில் ஏறிவிடும், வெள்ளைத் தோல் பழத்திலேயே நின்றுவிடும். கருவி எதுவும் தேவையில்லை!

சிசிலித் தீவில் இதையே ஒரு தொழிலாகச் செய்தார்கள். சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, வெறும் தோலைக் கடற்பஞ்சின் மேல் கையால் அழுத்திப் பிழிவார்கள். பஞ்சில் சேர்ந்த எண்ணெய் வாசனைத் திரவியங்களுக்கும் மிட்டாய்களுக்கும் போனது. இயந்திரங்கள் வரும்வரை அத்தனை எண்ணெயும் தொழிலாளர்களின் கை அழுத்தத்தில் வந்ததுதான்.

தச்சுப் பட்டறையிலிருந்து சமையலறைக்கு

பொடிச் சர்க்கரை வந்ததும் கட்டியில் தேய்க்கும் பழக்கம் மறைந்தது. அந்த வேலை தகரத் துருவியிடம் போனது. ஆணியால் குத்தியது போன்ற அதன் ஓட்டைகள் தோலைச் சீவாது, கிழிக்கும். வெள்ளையும் சேர்ந்து வரும், பாதித் துருவல் துருவியிலேயே ஒட்டிக்கொள்ளும், விரல் முட்டியும் தப்பாது.

இதற்குத் தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரேஸ் என்ற நிறுவனம், உலோகத் தகட்டை இரசாயனத்தால் அரித்துக் கூரிய பற்கள் உருவாக்கும் முறையில், தச்சர்களுக்காக மரம் இழைக்கும் அரம் ஒன்றைத் தயாரித்தது. அதன் பெயர் மைக்ரோபிளேன். கனடாவின் ஒட்டாவா நகரில் லெனார்ட் லீ என்பவரின் மரவேலைக் கருவிக் கடையிலும் அது விற்பனைக்கு இருந்தது. 1994-ல் அவருடைய மனைவி லொரெய்ன் ஆரஞ்சு கேக் செய்தபோது, பழைய துருவியோடு போராடி அலுத்துப்போய், கணவர் கொண்டுவந்திருந்த அந்த அரத்தை எடுத்துத் தோலில் தேய்த்தார். பனித்தூள் போலத் துருவல் உதிர்ந்தது! கடையின் விலைப்பட்டியலில் அரத்தின் விளக்கமே மாற்றி எழுதப்பட்டது. இன்று உலகெங்கும் சமையல்காரர்கள் கையில் இருக்கும் நீளமான துருவி அதுதான். பொறியாளர்கள் மரத்துக்காகச் செய்த கருவிக்குச் சரியான வேலையைக் கண்டுபிடித்தவர் அடுப்படியில் நின்ற ஒரு பெண்.

துருவும் முன் கவனிக்க

கடைகளில், குறிப்பாக மேலை நாடுகளில், பழங்கள் கெடாமல் இருக்க மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசுவது வழக்கம். சாறு பிழிபவருக்கு இது பெரிய விஷயமல்ல, தோலைச் சாப்பிடுபவருக்குப் பெரிய விஷயம். பூச்சு இல்லாத பழம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். வெந்நீர் மெழுகைத்தான் இளக்கும், மருந்து முழுவதும் போய்விடாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் எலுமிச்சை என்று விற்கப்படும் சிறிய உருண்டைப் பழம் ஐரோப்பிய எலுமிச்சை அல்ல, வேறு இனம். அதன் தோல் மெல்லியது. ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்த்தால் வெள்ளை வந்துவிடும். பழத்தைத் திருப்பித் திருப்பி, ஒரு இடத்தில் ஒரு முறை மட்டும் இழைக்க வேண்டும். முதலில் துருவல், பிறகுதான் சாறு. பிழிந்த மூடியைத் துருவ முயன்றால் அது கைக்குள்ளேயே நசுங்கிவிடும்.