ஓட்டிசமும் நித்திரையும்

ஓட்டிசம் உள்ள என் மகன் இரவு 2 மணிக்கு எழும்பி வீட்டுக்குள் நடப்பான். போரைக் கண்ட எங்களுக்கே நித்திரை குறைவு. பிள்ளையும் எதையோ கண்டு பயந்துவிட்டான் என்று நூல் கட்டினோம். பிடிவாதம் என்று அடித்தும் இருக்கிறேன். இரண்டும் தவறு.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணிநேர நித்திரை தேவை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 50 முதல் 80 வீதமானோருக்கு நித்திரைப் பிரச்சினை இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. நித்திரைக்கு உதவும் மெலற்றோனின் சிலருக்குக் குறைவாகவோ பிந்தியோ சுரக்கிறது. நாம் கவனிக்காத சிறு சத்தமும் வெளிச்சமும் சட்டை லேபிளும் அவர்களை எழுப்பிவிடும். மலச்சிக்கல், வலிப்பு, பதற்றம் ஆகியனவும் காரணமாகலாம்.

தினமும் ஒரே நேரத்தில் எழுப்பினோம். படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்னரே கைத்தொலைபேசியை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்தோம். குளிப்பு, சாப்பாடு, கதை, படுக்கை என்ற ஒழுங்கைப் படங்களாகச் சுவரில் ஒட்டினோம். மெலற்றோனின் மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. குறட்டையோ வலிப்போ இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்றும் சில இரவுகளில் எழும்புகிறான். நான் இப்போது அடிப்பதில்லை. விளக்கைப் போடாமல் பக்கத்தில் இருக்கிறேன்.